அந்த ஒரு பம்பை மட்டும் எடுத்துடலாமா?

கேள்வி: அக்கா, நான் கொருக்குப்பேட்டைல 9ஆவது படிக்கிறேன். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து எங்க ஏரியா அடிபம்பு தண்ணில எவ்ளோ உப்பு இருக்குன்னு பார்த்திருக்கோம். பக்கிங்ஹாம் கால்வாய் கிட்ட போகப்போக உப்பு ஜாஸ்தியா இருக்கும்னு நினைச்சுதான் ஆரம்பிச்சோம். மொத்தம் 10 பம்பு, தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல 9 பம்பு 1,400ல இருந்து 2,100 வரைக்கும் காட்டுச்சு, கால்வாயை ஒட்டியே இருக்கிற ஒரு பம்புல மட்டும் 310. கிராஃப்ல அது தனியா தொங்குது. சார் அதை எடுத்துட்டு 9 பம்புன்னே எழுதிடுங்கன்றாரு. எடுத்துடலாமா? ரிப்போர்ட் எப்படி எழுதுறது?

பதில்: எடுக்காதம்மா. உன் ரிப்போர்ட்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த 310தான்.

முதல்ல அந்த பம்பு இருக்கிற வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளு, "ஆன்ட்டி, இதுல நாள் முழுக்க தண்ணி வருமா, இல்ல மெட்ரோ தண்ணி விடுற நேரத்துல மட்டும்தானா?" நம்ம பக்கம் அடிபம்புன்னா எல்லாமே போர், அதாவது ஆழ்துளை கிணறு கிடையாது, நிறைய வீட்டுல மெட்ரோ வாட்டர்ன்ற குடிநீர் வாரிய லைன்லயே பம்பு போட்டு அடிச்சு எடுக்கிறாங்க, வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அது லைன் பம்புன்னு தெரிஞ்சா 310 ஏன் வந்துச்சுன்றது புரிஞ்சுடும். அப்போ அதை அட்டவணைல அப்படியே வச்சுட்டு, கீழ "இது நிலத்தடி நீர் இல்ல, அதனால கிராஃப்ல சேர்க்கல"ன்னு காரணத்தோட எழுது. காரணம் சொல்லி தள்ளி வைக்கிறது வேற, சத்தம் இல்லாம அழிக்கிறது வேற. சார்கிட்டயும் இதையே மெதுவா சொல்லிப் பாரு, அவரை கூட்டிட்டுப் போய் பம்பை காட்டினா அவரும் ஒத்துப்பாரு. இல்ல, அதுவும் போர்தான்னா விஷயம் இன்னும் பெருசு. எத்தனை அடி போட்டாங்கன்னு கேளு, மத்த 9 போர் ஆழத்தையும் கேளு, வேற வேற நாள்ல இன்னும் மூணு தடவை அளந்து பாரு.

அளக்கிறப்போ கவனம் வேணும் கண்ணு. பம்பை கொஞ்ச நேரம் அடிச்சு விட்டுட்டு அப்புறம் பிடி, குழாய்ல தேங்கி நின்ன தண்ணி வேணாம். பாட்டிலை அதே தண்ணில மூணு தடவை அலசிடு, போன பம்போட உப்பு ஒரு சொட்டு ஒட்டி இருந்தாலும் கணக்கு மாறிடும். மீட்டர் நுனியை கழுவ பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் போதும். அந்த மீட்டர் உப்பை நேரா எடை போடுறது இல்ல, தண்ணில எவ்ளோ கரண்ட் பாயுதுன்னு பார்த்து அதுல இருந்து கணக்கு போட்டு சொல்லுது, அந்த கணக்கு மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் மாறும், அதனால 10 பம்புக்கும் ஒரே மீட்டர்தான் வச்சீங்கன்னு ரிப்போர்ட்ல கண்டிப்பா எழுதுங்க.

கிருமியோ ஈயமோ இருந்தா அந்த மீட்டருக்கு தனியா தெரியாது. குடிநீருக்கு இந்திய தரநிலை ஐஎஸ் 10500, கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரின்னும், வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2,000 வரைன்னும் சொல்லுது. 310 வந்ததால அது குடிக்கிற தண்ணின்னு மட்டும் எழுதிடாதீங்க, அதைப் படிச்சுட்டு யாராவது குழந்தைக்கு குடுத்தா என்ன ஆகுறது.

இன்னொண்ணு, "கால்வாய் தண்ணி ஊறித்தான் உப்பு ஏறுச்சு"ன்னு முடிச்சுடாதீங்க. கிழக்கால கடலும் இருக்கே. நமக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி 1960கள்லயே கடல் தண்ணி உள்ள வந்தது. அதனால ஒவ்வொரு பம்பும் கால்வாய்ல இருந்து எவ்ளோ தூரம், கடல்ல இருந்து எவ்ளோ தூரம்னு ரெண்டையும் போடுங்க, அப்புறம் கிராஃப் என்ன சொல்லுதுன்னு பாருங்க. நீங்க நினைச்சது தப்புன்னு வந்தாலும் அப்படியே எழுதுங்க, அதுக்கு மார்க் குறையாது. நான் நடுவரா உட்கார்ந்த இடத்துல எல்லாம், புள்ளி எல்லாமே கோட்டு மேல அழகா உட்கார்ந்திருந்தா முதல்ல அன்னன்னைக்கு அளந்ததை எழுதி வச்ச லாக் புக்கைத்தான் கேட்போம்.

எழுதுறப்போ செய்முறைல இருந்து ஆரம்பி, அது உன் கையால செஞ்சது, தானா வரும். மழைன்னு ஒரு நாள் போகலைன்னா அதையும் எழுது. அப்புறம் முடிவுகள், அப்புறம் நோக்கமும் கருதுகோளும். சுருக்கம் முதல் பக்கத்துல வந்தாலும் கடைசியா எழுது. எத்தனை வார்த்தைன்னு மாநாட்டோட இந்த வருஷ கைடு புத்தகத்துல இருக்கும்.

கேள்வி: திருவொற்றியூர்ல இருந்து ஒரு அம்மா எழுதுறேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்துச்சுல்ல, அதைப் பத்தி என் பையன் மீனவர்கள் 12 பேர்கிட்ட பேசி ரிப்போர்ட் பண்றான். ஆனா நெட்ல இருந்து உலகத்துல எண்ணெய் மாசுன்னு 18 பக்கம், அவன் பேசினது ரெண்டே பக்கம். இது சரியா?

பதில்: தலைகீழா மாத்த சொல்லுங்கம்மா. உலகக் கதை அரை பக்கம் போதும், அதையும் அவன் சொந்த வார்த்தைல எழுதட்டும். அந்த 12 பேர் சொன்னது வேற எந்த நெட்லயும் கிடைக்காது. கையால இறால் பிடிக்கிறவங்க எத்தனை பேர், வலை போடுறவங்க எத்தனை பேர், எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியைத்தான் கேட்டானா, முன்னாடி எவ்ளோ கிடைச்சுது இப்போ எவ்ளோன்னு தனித்தனியா எழுதட்டும். அவங்க ஞாபகத்துல இருந்து சொன்ன அளவுன்றதையும் மறைக்காம எழுதணும். பேர் போட வேணாம், 1, 2, 3ன்னு எண் போட்டா போதும். எழுதி முடிச்சதும் அவங்கள்ல ஒருத்தர்கிட்ட போய் படிச்சு காட்டட்டும், தப்பா எழுதியிருந்தா அவங்களே சொல்லிடுவாங்க.