ஒபாமாவின் 13-ஆம் தொகுதி எந்தப் பகுதி?

கேள்வி: சிகாகோவில் ஹைடு பார்க் பகுதியில் குடியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ‘உங்கள் மாநில செனட் தொகுதியின் வரலாறு’ என்று பள்ளியில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். எங்களுடையது 13-ஆம் தொகுதி, ஒபாமா இருந்தது. ஆனால் நகரின் வடக்கே கோல்டு கோஸ்டில் நெடுங்காலமாக இருக்கும் நண்பர், “மாநில செனட்டில் ஒபாமா எங்களுக்கும்தான் உறுப்பினர்” என்று அடித்துச் சொல்கிறார். பழைய பட்டியல்களில் 13 என்ற எண்ணுக்கு நேரே நூறு வருடத்துக்கு முந்தைய பெயர்களும் இருக்கின்றன. எதை நம்பி எழுதுவது?

பதில்: நண்பர் சொல்வது சரி. நீங்கள் சொல்வதும் சரி. ஆண்டுதான் வேறு. கட்டுரைக்கு அதையே நூலாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 13 என்பது ஓர் ஊரின் பெயர் அல்ல, வரைபடத்தில் ஒட்டப்படும் எண். பத்து வருடத்துக்கு ஒருமுறை வரைபடம் மாறும்போது அதே எண் வேறு தெருக்களின் மேல் போய் உட்காரும்.

பழைய பட்டியலிலிருந்தே தொடங்குவோம். 1870-இல் இயற்றிய அரசியலமைப்பு, சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தை, சட்டமன்ற மேலவையான செனட்டுக்காக 51 தொகுதிகளாகப் பிரித்தது. 1901-இல் ஒருமுறை எல்லை போட்டார்கள். அதன்பின் 1955 வரை தொடவே இல்லை. காரணம் எளிது: சிகாகோ வீங்கிக்கொண்டே போனது, புதிதாக வரைந்தால் தங்கள் நாற்காலி போய்விடும் என்று மாநிலத்தின் மற்றப் பகுதி உறுப்பினர்கள் அந்த வேலையில் இறங்கவே இல்லை. 1954-இல் ஒரு சமரசம் செய்து செனட்டை 58 தொகுதிகளாக்கினார்கள், ஆனால் மக்கள்தொகையை வைத்து அல்ல, நிலப்பரப்பை வைத்து. சிகாகோவை உள்ளடக்கிய, மாநில மக்களில் பாதிக்கு மேல் வாழ்ந்த குக் கவுண்டிக்குப் பாதிக்கும் குறைவான இடங்களே கிடைத்தன.

இதை உடைத்தது 1964 ஜூனில் வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு. மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அது அலபாமா வழக்குதான், ஆனாலும் இல்லினாய் செனட் வரைபடத்தை அடுத்த வருடமே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே 1965-க்கு முந்தைய ‘13-ஆம் தொகுதி’ செனட்டர்களை உங்கள் மகள் ஹைடு பார்க்கின் மூதாதையர்களாக எழுத வேண்டாம். எண் ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இருக்கிறதா என்று அந்தந்த வருட வரைபடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இன்றைய ஏற்பாடு 1970 அரசியலமைப்பிலிருந்து வருகிறது. 59 செனட் தொகுதிகள். மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குத் தனியாக வேறு வரைபடம் கிடையாது, ஒவ்வொரு செனட் தொகுதியையும் இரண்டாக வெட்டினால் வருபவையே அவை. 13-ஆம் செனட் தொகுதிக்குள் இருப்பவை 25, 26-ஆம் பிரதிநிதித் தொகுதிகள். வீட்டு முகவரியைச் சரிபார்க்க இது நல்ல குறுக்கு வழி. ஆனால் 1980-இல் மக்கள் வாக்களித்து பிரதிநிதிகள் அவையை 177-இலிருந்து 118-ஆகக் குறைத்த பிறகே இந்தக் கணக்கு பொருந்தும். அதற்கு முன் ஒரே தொகுதியிலிருந்து மூன்று பிரதிநிதிகள்!

சரி, ஒபாமாவுக்கு வருவோம். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஆலிஸ் பால்மர். ரிச்சர்ட் நியூஹவுஸ் 1991-இல் விலகியபோது நியமனமாக வந்தவர். 1995-இல் அமெரிக்க காங்கிரஸுக்குப் போகப் பார்த்தார். தன் இடத்துக்கு ஒபாமாவை ஆதரித்தார். அந்தத் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைச் சுற்றில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரிடம் தோற்றதும், மாநில செனட் இடமே போதும் என்று அவசரமாக வாக்காளர் கையெழுத்து திரட்டி வேட்புமனு போட்டார். ஒபாமா விலக மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல், அவருடைய ஆட்கள் போட்டியாளர்களின் மனுக்களை வரி வரியாகச் சோதித்தார்கள்.

மகளின் கட்டுரைக்கு எனக்குப் பிடித்த இடம் இதுதான். மனு செல்ல 757 கையெழுத்துகள் தேவை. வாக்காளர் பதிவில் இல்லாதவர், கையொப்பமிடாமல் பெயரை அச்செழுத்தில் எழுதியவர் எல்லாம் கழிந்தார்கள். தொகுதிக்கு வெளியே குடியிருப்பவர்களும் கழிந்தார்கள்! எல்லைக்கோடு தெருவின் நடுவே போனால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்து செல்லும், எதிர் வீட்டுக்காரருடையது செல்லாது. பால்மர் பின்வாங்கினார். மற்ற மூவரின் மனுக்களும் விழுந்தன. 1996 மார்ச்சில் ஒபாமா முதன்மைத் தேர்தலில் தனியாளாக நின்றார். ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்பதால் நவம்பர் வெறும் சம்பிரதாயம். சட்டப்படி எல்லாம் சரியே. ஆனாலும், வாக்குரிமைக்காக உழைத்த வழக்கறிஞர் வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்க ஆளே இல்லாமல் செய்தது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

அந்த 1996 தொகுதி தெற்கு சிகாகோவுக்குள்ளேயே இருந்தது. ஹைடு பார்க், கென்வுட், தெற்கே சவுத் ஷோர், மேற்கே சிகாகோ லான் பக்கம் வரை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உண்டு, மிக ஏழ்மையான தெருக்களும் உண்டு. கோல்டு கோஸ்ட் அதில் இல்லை.

அது உள்ளே வந்த கதை 2001-இல் நடந்தது. வரைபடத்தில் சட்டமன்றம் உடன்பாட்டுக்கு வரவில்லை என்றால் இரு கட்சிகளிலும் சம எண்ணிக்கையில் எட்டுப் பேர் கொண்ட ஆணையம் வர வேண்டும். அதுவும் முட்டிக்கொண்டால் ஒன்பதாவது ஆளுக்குக் குலுக்கல். மாநிலச் செயலர் இரண்டு பெயர்களில் ஒன்றை எடுப்பார். எந்தக் கட்சிக்காரர் பெயர் வருகிறதோ அந்தக் கட்சிக்கே பத்து வருட வரைபடம். 1981-இல் ஜனநாயகக் கட்சி, 1991-இல் குடியரசுக் கட்சி. 2001-இல் லிங்கன் அணிந்ததைப் போன்ற உயரமான தொப்பியிலிருந்து சீட்டு எடுத்தார்கள், ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. இரு கட்சிகளும் அஞ்சிச் சமரசத்துக்கு வரட்டும் என்றுதான் இந்தக் குலுக்கலை வைத்தார்கள். நடைமுறையில் இரண்டுமே சூதாடிப் பார்க்கலாம் என்று துணிந்தன.

1991 வரைபடத்தில் குடியரசுக் கட்சி, ஜனநாயக வாக்குகளைச் சில தொகுதிகளில் அடைத்துவைத்திருந்தது. தொண்ணூறு சதவீதத்தில் ஜெயித்தாலும் ஒரே நாற்காலிதானே. 2001-இல் அதை அவிழ்த்துப் பரப்பினார்கள். 13-ஆம் தொகுதி மேற்குப் பக்கத்தை விட்டுவிட்டு, மிச்சிகன் ஏரிக்கரையோரமாக நகரின் மையப்பகுதியைத் தாண்டி வடக்கே கோல்டு கோஸ்ட் வரை நாடாவாக நீண்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மை குறையாமலே, நகரின் பெரும் பணக்காரர்களும் உள்ளே வந்தார்கள். தன் தொகுதியை வரைந்ததில் ஒபாமாவுக்கே நேரடிப் பங்கு உண்டு. அதற்கு முந்தைய வருடம் பாபி ரஷ்ஷிடம் காங்கிரஸ் தேர்தலில் படுதோல்வி அடைந்திருந்தவருக்கு, நன்கொடை தரக்கூடிய புதிய வாக்காளர்கள் கிடைத்தது அடுத்த பாய்ச்சலுக்கு உதவியது என்பது என் கணிப்பு. 2002-இல் இந்தப் புதிய தொகுதியில் ஜெயித்து, 2004 நவம்பரில் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வாகி விலகினார். ஆக, உங்கள் நண்பரின் கோல்டு கோஸ்டுக்கு அவர் உறுப்பினராக இருந்தது இரண்டு வருடத்துக்கும் குறைவு.

ஒபாமா ஜெயித்த 1996, 1998, 2002 என்ற வருடங்களைப் பார்த்து மகள் கண்டிப்பாகக் கேட்பாள்: பதவிக்காலம் எத்தனை வருடம்? இல்லினாயில் செனட் தொகுதிகளை மூன்று குழுவாக்கி, ஒரு பத்தாண்டுக்குள் 2-4-4, 4-2-4, 4-4-2 என்று வருடங்களைப் பங்கிடுகிறார்கள். தொண்ணூறுகளின் பத்தாண்டில் 13-க்கு 4-2-4. புதிய வரைபடம் வரும் 2-இல் முடியும் வருடங்களில் 59 பேரும் ஒன்றாகத் தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சுற்று.

இன்னொன்று. இடையில் இடம் காலியானால் உடனே இடைத்தேர்தல் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. காலி செய்தவரின் கட்சி நிர்வாகிகள் அதே கட்சிக்காரர் ஒருவரை நியமிப்பார்கள். ஒபாமாவுக்குப் பின் க்வாமே ரவுல் இப்படித்தான் வந்தார். அவர் 2019 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் ஆனதும் ராபர்ட் பீட்டர்ஸும் அப்படித்தான். பால்மரையும் சேர்த்தால், இந்த வரிசையில் முதன்முதல் தேர்தலிலேயே உள்ளே வந்தவர் ஒபாமா ஒருவர்தான். பட்டியலில் பெயருக்கு எதிரே ‘நியமனம்’, ‘தேர்வு’ என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள், ஆசிரியருக்குப் பிடிக்கும்.

தேடும் முறை இதுதான்: 1901, 1955, 1965, 1971, 1981, 1991, 2001, 2011, 2021 ஆகிய வரைபட வருடங்களை எழுதிக்கொண்டு, உங்கள் வீட்டு முகவரி ஒவ்வொன்றிலும் எந்த எண்ணில் விழுகிறது என்று பாருங்கள். எண்ணைப் பின்தொடர வேண்டாம், முகவரியைப் பின்தொடருங்கள். மாநிலச் செயலர் அலுவலகம் வெளியிடும் ‘இல்லினாய் புளூ புக்’ பழைய தொகுப்புகள் உறுப்பினர் விவரத்துக்கு உதவும், பெரிய நூலகங்களில் இருக்கும். அண்மை வரைபடங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தொகுதி எல்லைக் கோப்புகள் இலவசம்.

2021-க்கு மட்டும் கவனம். கணக்கெடுப்பு எண்ணிக்கை தாமதமானதால் ஜூன் மாதம் உத்தேச மதிப்பீட்டை வைத்து ஒரு வரைபடம் சட்டமானது, உண்மையான எண்கள் வந்தபின் செப்டம்பரில் திருத்திய இன்னொன்று கையெழுத்தானது. 2022 தேர்தல் நடந்தது இரண்டாவதில். தேடும்போது முதலாவதும் வந்து நிற்கும், தேதியைப் பார்த்து எடுங்கள்.