தமிழம்மாவிடம் கேளுங்கள்: பேச்சுப் போட்டியும் சொற்போரும்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளிலும் மாறி மாறி இருபத்தெட்டு வருடம் தமிழ் நடத்தினேன். அதில் பாதிக் காலம் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடி போனதுதான். இப்போது ஓய்வு என்று பெயர். ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் போன் ஓய்வதில்லை. தமிழ்நாடு நாள் போட்டி வருகிறது, பின்னாலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத் திருவிழா. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட ஒரே உட்காரலில் சொல்லிவிடலாம் என்று கேள்விகளைக் கேட்டு வாங்கினேன். பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று சொல்லியிருந்தேன்.

மேடை ஏறினாலே கால் நடுங்குது அம்மா. மனப்பாடம் பண்ணினது பாதியில மறந்துடுது. (ஒன்பதாம் வகுப்பு மாணவி, பென்னாகரம்)

கால் நடுங்குவது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது கண்ணு. குரல் நடுங்கினால்தான் தெரியும். பெயரைக் கூப்பிட்டதும் ஓடிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பிப்பதால் வருவது அது. நடந்து போ. மைக்கை உன் வாய்க்கு நேராக இறக்கிக்கொள். உனக்கு முன் பேசியவன் உயரமாக இருந்திருப்பான். பாதிப் பிள்ளைகள் எக்கி எக்கியே பேசி முடித்துவிட்டு வருகிறார்கள். மூச்சை முழுசாக விட்டுவிட்டு முதல் வாக்கியத்தைச் சொல். அது ஆறு வார்த்தைக்கு மேல் போக வேண்டாம்.

மறந்து போவது வேறு நோய். வரி வரியாக உருப்போட்டால் ஒரு வரி அறுந்ததும் மீதி வராது. பேச்சை நான்கு இடமாகப் பிரித்துக்கொள்: இங்கிருந்து கிளம்புகிறேன், இந்தக் கதையைச் சொல்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்கிறேன், இங்கே வந்து நிற்கிறேன். வழி தெரிந்தவனுக்கு வார்த்தை மாறினால் ஒன்றும் ஆகிவிடாது.

ஏரியூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆடு மேய்க்கும்போது ஆடுகளிடம் பேசிப் பழகினாள். "ஆடு எழுந்து போனா அந்த இடம் சப்புனு இருக்குன்னு அர்த்தம் அம்மா" என்பாள். அவ்வளவு நேர்மையான நடுவர்களை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை.

என் பெண்ணுக்கு நானே எழுதித் தருகிறேன், நன்றாக ஒப்பிக்கிறாள். இரண்டு வருடமாகப் பரிசே இல்லை. என்ன குறை? (தக்காளி வியாபாரி, பாலக்கோடு)

குறை உங்கள் எழுத்தில் இல்லை ஐயா. எழுதியது நீங்கள் என்பதுதான் குறை. நடுவர் மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். காந்தி பிறந்தநாள் போட்டி. முதல் பிள்ளை வருகிறது: "1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார்." ஒன்பதாவது பிள்ளையும் போர்பந்தரில்தான் ஆரம்பிக்கிறது. பதினேழாவது பிள்ளை வரும்போது எனக்கே போர்பந்தருக்கு டிக்கெட் எடுத்துவிடலாம் போல இருக்கும்.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவன் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான். நடுவில் "எங்கள் காலத்தில் மாட்டு வண்டியில் பள்ளிக்கூடம் போனோம்" என்று ஒரு வரி. அது என் பழைய ஞாபகம். எழுதும் வேகத்தில் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் அதைச் சொன்னதும் அரங்கமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அன்றோடு யாருக்கும் எழுதிக் கொடுப்பதை விட்டேன்.

இப்படிச் செய்து பாருங்கள். தலைப்பைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கேளுங்கள்: இதில் உனக்கு எது கோபம் வருகிறது? எதை நீ நம்பவில்லை? நீங்கள் வேண்டுமென்றே எதிர்த்துப் பேசுங்கள். விடியற்காலை மண்டியில் விலை பேசுகிற ஆள், உங்களுக்கா எதிர்வாதம் சொல்லித்தர வேண்டும்? அவள் சண்டைக்கு வரும்போது சொல்கிற வார்த்தைகளைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் பேச்சு. தேதி, ஊர்ப் பெயர் தப்பாக இருந்தால் மட்டும் திருத்துங்கள். முதல் தடவை கரடுமுரடாகத்தான் வரும். பரிசு அந்த வருடமே வரும் என்று நான் சொல்லமாட்டேன்.

என்னென்ன போட்டி இருக்கு, பரிசு எவ்வளவு? (பதினோராம் வகுப்பு மாணவன், ஊத்தங்கரை)

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்துவது முதலில். அம்பேத்கர், கலைஞர், அண்ணா, பெரியார், காந்தி, நேரு பிறந்தநாளை ஒட்டிப் பள்ளி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் தனித்தனியாக நடக்கும். 5,000, 3,000, 2,000 ரூபாய் என்று மூன்று பரிசு. இது தவிர அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தலா 2,000 சிறப்புப் பரிசு உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. உன் வகுப்புக்குக் கவிதை, கட்டுரை, பேச்சு என்று இன்னொரு போட்டி இருக்கிறது: 10,000, 7,000, 5,000. தமிழ்நாடு நாள் ஜூலை 18. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967இல் அந்த நாளில்தான். கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளியில் தொடங்கி மாநிலம் வரை படி ஏற வேண்டும். சுற்றறிக்கை தலைமையாசிரியர் மேஜைக்கு வரும். வந்ததா என்று நீயே போய்க் கேள், வெட்கப்படாதே.

வீட்டில் தெலுங்கு பேசுவோம். ழகரம் வராது, பசங்க சிரிக்கிறாங்க. (எட்டாம் வகுப்பு மாணவி, தளி)

உன் வகுப்பில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள், உருது பேசுபவர்களும் இருப்பார்கள். சிரிக்கிறவர்களை 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லு, பாதிப் பேர் 'வாளப்பளம்' என்பார்கள்.

நாக்கு விஷயம் சுலபம். 'ல' சொல்ல நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். 'ள' சொல்ல நுனி பின்னால் மடங்கி அண்ணத்தைத் தொடும். 'ழ' சொல்லவும் அதே மாதிரி மடக்கு, ஆனால் தொடாமல் அந்தரத்தில் நிறுத்து. கண்ணாடி வேண்டாம், இருட்டில் படுத்துக்கொண்டு பழகு. காது நன்றாக வேலை செய்யும். தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படி. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். அதுவரை உச்சரிப்புக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் போனால் போகட்டும், கருத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மொழியில் யோசிக்கிற பிள்ளைக்கு ஒரு விஷயம் இரண்டு விதமாகத் தோன்றும். அது மற்றவர்களுக்கு இல்லாத சொத்து.

கை ஆட்டிப் பேசணுமா? (ஆறாம் வகுப்பு, மொரப்பூர்)

வீட்டில் அம்மாவிடம் சண்டை போடும்போது கை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு.

பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசுவேன். இப்போது ஆங்கிலத்தில் டிபேட் அணிக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? (பத்தாம் வகுப்பு மாணவன், ஓசூர்)

நல்ல கேள்வி. பட்டிமன்றத்தில் நடுவர்தான் கதாநாயகர். ஒவ்வொருவர் பேசியதும் அவர் ஒரு நகைச்சுவை சொல்வார், கடைசியில் இரண்டு பக்கமும் நோகாமல் தீர்ப்பு சொல்வார். டிபேட்டில் எல்லோரும் பேசி முடிக்கும் வரை நடுவர் வாயே திறக்கமாட்டார், குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். கைதட்டலை நம்பி வளர்ந்த பிள்ளைக்கு அந்த மௌனம் பயமாக இருக்கும்.

உலகப் பள்ளிகள் டிபேட் போட்டி 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அந்த முறையில் நம் ஊரிலும் டிபேட் நடக்கிறது. ஓர் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம். கடைசியில் அணிக்கு ஒருவர் நான்கு நிமிடம் தொகுத்துப் பேச வேண்டும். முதல் நிமிடம் முடிந்ததிலிருந்து ஏழாவது நிமிடம் வரை எதிரணி எழுந்து இடைக்கேள்வி கேட்கலாம். ஏற்பதும் உட்காரச் சொல்வதும் உன் விருப்பம். ஆனால் ஒன்றையுமே ஏற்காவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துவிடும். சில தலைப்புகள் முன்பே தருவார்கள், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்தான். மதிப்பெண்ணில் கருத்துக்கு 40, பேசும் பாணிக்கு 40, உத்திக்கு 20. 2019இல் பாங்காக்கில் இந்திய அணி இந்தக் கோப்பையை வென்றது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒருவருக்கு ஒருவர் மோதும் முறையும் உண்டு. 1858இல் செனட் தேர்தலில் எதிரெதிராக நின்ற ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் இல்லினாய் மாநிலத்தில் ஏழு ஊர்களில் மேடையேறி வாதிட்டார்களே, அவர்கள் பெயரில்தான் அது நடக்கிறது.

பெரிய வித்தியாசம் இனிமேல்தான். ஒட்டியா வெட்டியா என்று நீ தேர்ந்தெடுக்க முடியாது. காலையில் ஒன்றை நிலைநாட்டிவிட்டு மதியம் அதையே உடைக்க வேண்டி வரலாம். அதனால் எதிரணி பேசும்போது அடுத்து நாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்காதே, பட்டிமன்றப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்பு அது. தாளை நெடுக்காக மடித்துக்கொள். இடது பக்கம் அவன் சொன்னது, நேர் எதிரே உன் பதில். அவன் சொன்ன ஒன்றுக்கு எதிரே வெற்றிடம் இருந்தால் அங்கேதான் நீ தோற்கிறாய்.

மேற்கோள் எத்தனை இருக்கணும்? எங்க சார் பத்தாச்சும் வேணும்னு சொல்றார். (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அரூர்)

உங்கள் சாரோடு எனக்குச் சண்டை வேண்டாம். ஆனால் ஐந்து நிமிடப் பேச்சில் பத்து மேற்கோள் என்றால் நீ எப்போது பேசுவாய்?

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர், அந்தத் தகடூர்க் கதையையே பார். தகடூர் அரசன் அதியமானுக்காக ஒளவை காஞ்சி அரசன் தொண்டைமானிடம் தூது போனாள். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டினான். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் அவள் சொல்வது இவ்வளவுதான்: உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள வீட்டில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. மேற்கோள் ஒன்றுகூட இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. புகழ்வது போலவே பேசி, உன் படை சண்டையே பார்க்காத படை என்று சொல்லிவிட்டாள். எதிரி காட்டிய பொருளை வைத்தே அவனுக்குப் பதில் சொன்னாள். இதைவிட நல்ல எதிர்வாதப் பாடம் எந்த நாட்டுப் பயிற்சிப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. மேற்கோள் ஒன்று வை. அதை ஏன் வைத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

எங்க ஊர்ல சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கு. அவரைப் பத்திப் பேசணும், எல்லாரும் அதையே பேசுறாங்க. (ஒன்பதாம் வகுப்பு மாணவன், பாப்பாரப்பட்டி)

சுதந்திரப் போராட்டத்தில் பேசியதற்காகவே 1908இல் சிறைக்குப் போன மனிதர். சிறையில் தொழுநோய் வந்தது. வெளியே வந்தபின் ரயிலில் ஏற அனுமதி இல்லை என்றதும் ஊர் ஊராக நடந்து போய்ப் பேசினார். 1925 ஜூலை 23இல் உங்கள் ஊரில்தான் கண்மூடினார். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி ரோட்டில் முடிந்த மட்டும் நடந்து பார், வீட்டில் சொல்லிவிட்டு. எங்கே தாகம் எடுத்தது, எங்கே திரும்பிவிடலாம் என்று தோன்றியது, அதைச் சொல்லி ஆரம்பி.

நடுவர் வேண்டியவர் பிள்ளைக்குப் பரிசு கொடுத்துவிட்டார். என்ன செய்வது? (ஒரு தாய், காரிமங்கலம்)

நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன் அம்மா. ஆனால் நான் நடுவராக உட்கார்ந்து தப்புச் செய்ததெல்லாம் பாசத்தால் அல்ல, களைப்பால். முதலில் பேசிய பிள்ளைக்குக் கை இறுகிக் குறைத்துப் போடுவோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேசுகிற பிள்ளைகள் பாவம். கூட்டம் கலைந்ததும் நடுவரிடம் போய், "இவள் எதைத் திருத்திக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். பிள்ளைக்கு முன்னால் சண்டை மட்டும் வேண்டாம், அடுத்த வருடம் அவள் அந்த அரங்கத்துக்கே வரமாட்டாள்.

மலைக் கிராமப் பள்ளி, நூலகம் இல்லை. சொற்போர் மன்றம் ஆரம்பிக்க முடியுமா? (ஆசிரியர், அஞ்செட்டி)

முடியும் சார். இலக்கிய மன்றத்துக்கு ஒதுக்கிய நேரமே போதும். தலைப்பைப் புத்தகத்தில் தேடாதீர்கள். தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்தால் மரத்தை வெட்டலாமா? யானை வரும் பாதையில் ராகி விதைக்கலாமா? இதற்கெல்லாம் பிள்ளைகளிடம் சொந்தச் செய்தி இருக்கும். ஒரே ஒரு விதி வையுங்கள்: பதில் சொல்லும் முன் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகுதான் தன் பேச்சு. முதல் வாரம் யாராலும் முடியாது. அடுத்த வாரம் அணியை மாற்றிப் போடுங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

நாளை மறுநாள் போட்டி, தொண்டை கட்டிடுச்சு. (ஏழாம் வகுப்பு மாணவி, பர்கூர்)

இன்றும் நாளையும் ஒத்திகையை நிறுத்து. கிசுகிசுவென்றும் பேசாதே, அது இன்னும் வலிக்க வைக்கும். வெந்நீர் குடி, சீக்கிரம் தூங்கு, ஐஸ் பக்கம் போகாதே. பேச வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார். போட்டி முடிந்ததும் என்ன பரிசு என்று சொல்ல வேண்டாம், உனக்கு எதிராகப் பேசியவர்களில் யார் சொன்னது பிடித்தது என்று போன் பண்ணிச் சொல்லு.