ஜப்பானுக்குத் தனியாக – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் நவம்பரில் பத்து நாள் பயணமாக ஜப்பானுக்குத் தனியாகச் செல்லவிருக்கிறேன். தனியே வெளிநாடு செல்வது இதுவே முதல்முறை; சைவ உணவு மட்டுமே உண்பவள். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஹிரோஷிமா, நாரா, ஒசாகா என்று பட்டியலிட்டு, ஏழு நாள் ரயில் பாஸும் வாங்க எண்ணியிருக்கிறேன். இடங்களைப் பார்ப்பதைவிட அந்நாட்டுப் பண்பாட்டை அறிவதே என் விருப்பம். இத்திட்டம் அதற்கு உதவுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உதவாது என்றே நினைக்கிறேன். சடங்கும் கூத்தும் அவற்றுக்குரிய நாளிலும் பொழுதிலும்தான் நடக்கின்றன. ஊருக்கு ஒன்றரை நாள் என்று ஓடுபவருக்கு அவை பெரும்பாலும் கிட்டுவதில்லை. டோக்கியோவையும் ஹகோனேயையும் ஹிரோஷிமாவையும் இம்முறை விட்டுவிட்டு, ஒசாகா, கியோட்டோ, நாரா அடங்கிய கான்சாய் வட்டாரத்துக்குள்ளேயே பத்து நாளையும் செலவிடுங்கள். நீங்கள் தேர்ந்த மாதமும் அதற்குத் தோதானது.

நாராவிலிருந்து தொடங்கலாம். அங்குள்ள தோதாய்ஜி ஆலயத்தின் பெரிய புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அவர் கண் எழுதிய தூரிகையும், கூடியிருந்தோர் புண்ணியத்தில் பங்குபெறப் பற்றிக்கொள்ளும்படி அதில் கட்டப்பட்ட நீண்ட கயிறும் ஷோசோயின் என்னும் மரக் களஞ்சியத்தின் சேமிப்பில் இன்றும் இருக்கின்றன. அக்களஞ்சியத்தின் ஏறத்தாழ 9000 பொருள்களிலிருந்து சில பத்து மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் முன்பாதி வரை நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. எவை வைக்கப்படும் என்பது ஆண்டுதோறும் மாறும். தூரிகைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க இயலாது.

அடுத்து, அதே வட்டாரத்திலுள்ள கோயாசான். கூகாய் என்னும் துறவி 816ஆம் ஆண்டு பேரரசரிடம் அனுமதி பெற்று அமைத்த மலைமடம் அது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலயங்கள் பயணிகளுக்குத் தங்க இடம் தருகின்றன. விடியற்காலை வழிபாட்டில் நீங்களும் அமரலாம்; சில ஆலயங்களில் நெருப்பு வளர்த்துச் செய்யும் கோமாச் சடங்கும் உண்டு, நம் ஹோமத்தின் தொலைதூர வழித்தோன்றல். கூகாய் 835இல் இறக்கவில்லை, ஓக்குனோயின் மயானத்தின் உட்கோடியில் தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே நாள்தோறும் காலையில் இருமுறை அவருக்கு உணவு எடுத்துச் செல்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டு வழக்கத்தை இவ்வளவு அன்றாடமாகச் செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். அங்கே ஓர் இரவு போதாது, இரண்டு இரவு தங்குங்கள். மலை ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், நவம்பரில் நன்றாகக் குளிரும்.

உணவுக் கவலைக்கும் அங்கேதான் முழு விடுதலை. ஆலயத்தில் பரிமாறும் ஷோஜின் உணவில் மீன், இறைச்சி மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்வதில்லை. மற்ற ஊர்களில் காய்கறிக் குழம்பும் சோயாத் துண்டும்கூட தாஷி என்னும் சாற்றில் வேகின்றன. அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கியது. “இறைச்சி வேண்டாம்” என்பது போதாது. மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் காட்டுங்கள்.

ஒசாகாவின் தேசிய புன்ராகு அரங்கில் நவம்பரில் புன்ராகு என்னும் மரபுப் பொம்மலாட்டம் நடப்பது வழக்கம். முக்கியப் பொம்மை ஒவ்வொன்றையும் மூவர் இயக்க, மேடையின் பக்கத்தில் அமர்ந்த ஒரே பாடகர் பெரும்பாலும் எல்லாப் பாத்திரங்களின் குரலையும் தருவார்; தொடங்குமுன் ஏட்டை இரு கையாலும் உயர்த்தி வணங்குவார். ஆங்கில ஒலிவழிகாட்டி கிடைக்கும்.

கியோட்டோவை நவம்பர் இறுதிக்குத் தள்ளாதீர்கள். இலைநிறம் காண வரும் கூட்டம் அப்போதுதான் உச்சம். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு உயர்ந்தது; கான்சாய்க்குள் சுற்றுவதற்கு அது வீண்செலவு, ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் செலுத்த உதவும் ஒரு இகோகா அட்டை போதும். தனியாக உண்பதை அங்கே யாரும் வியப்பதில்லை, ஆனால் மரபான ரியோகான் விடுதிகளில் சில, ஒற்றை விருந்தினரை ஏற்பதில்லை.

முதலில் கோயாசானில் அறையை உறுதிசெய்யுங்கள். பிறகு அருங்காட்சியகத்துக்கும் புன்ராகுவுக்கும் நுழைவுச்சீட்டு. இத்தேதிகள் அமைந்த பின்னரே, கான்சாய் விமான நிலையத்துக்குப் பயணச்சீட்டு எடுங்கள்.