சேறு அள்ளப் போகுமுன் - வாசகர் கேள்வி பதில்

2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன் சூறாவளி, மறுநாள் வடக்கு கரோலினா மலையூர்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அங்கே மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்தவர்களில் கிறிஸ்தவ சபைகளின் நிவாரணக் குழுக்கள் நிறைய. அந்தக் குழுக்களோடு போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

புயல் அடித்த மறுநாளே தண்ணீர், துணிமணிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு போனால் உதவியாக இருக்காதா? - வாசகர், சார்லட்

போகாதீர்கள். ஹெலீன் வெள்ளத்தில் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் ஆற்றோடு சரிந்தது. அந்த மலைப்பகுதி நகரமான ஆஷ்வில்லில் 53 நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஊரில் சொந்தப் படுக்கை, சாப்பாடு, பெட்ரோல் இல்லாமல் போய் இறங்கினால், ஊர்க்காரர்கள் உங்களையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டிவரும். பழைய துணி இன்னும் மோசம். பிரித்து அடுக்க ஆள் இருக்காது, மழையில் நனைந்து குப்பைக்குப் போகும். கையில் இருப்பதைப் பணமாகக் கொடுங்கள், குழுவோடு சேர்ந்து போங்கள். வீட்டுக்காரர்கள் உதவி கேட்டுப் பதிவு செய்ததை ‘க்ரைசிஸ் க்ளீனப்’ என்ற பொதுப் பட்டியலில் பார்த்துக் குழுக்கள் வீடு வீடாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே வீட்டுக்கு மூன்று குழு, பக்கத்து வீட்டுக்கு யாருமில்லை என்ற நிலை பெருமளவு குறைகிறது.

நாங்கள் இந்துக் குடும்பம். சபைக் குழுவில் சேர்த்துக்கொள்வார்களா? - வாசகர், ராலே

குழுவைப் பொறுத்தது. மஞ்சள் சட்டையில் வரும் சதர்ன் பாப்டிஸ்ட் பேரிடர் நிவாரணக் குழுவில் முன்பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சபையினரே இருப்பார்கள். மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1950 முதல் நடத்தும் மெனனைட் பேரிடர் சேவை எல்லோரையும் ஏற்கிறது. வீடு திரும்பக் கட்டும் வேலையில் அவர்கள் கை தேர்ந்தவர்கள். சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்பு ஒரு நாள் தொண்டர்களை எடுக்கிறது. வேலை முடிந்ததும் முற்றத்தில் கூடி ஜெபித்து, குழுவினர் கையெழுத்திட்ட வேதாகமத்தை வீட்டுக்காரருக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். இது உங்களுக்குச் சம்மதமா என்று வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். அங்கே போய், அழுதுகொண்டிருக்கும் ஒரு பாட்டியின் முன்னால் முகம் சுளிப்பது நல்லதல்ல.

‘மட்-அவுட்’ என்கிறார்களே, வெறும் சேறு அள்ளுவதுதானா? - வாசகர், ஹூஸ்டன்

வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து சேறு, நனைந்த பொருள், சுவர்ப் பலகை எல்லாவற்றையும் எடுத்துக் காயவைப்பதுதான் மட்-அவுட். சேறு அதில் பாதிகூட இல்லை. முதல் வேலை காகிதம். வீட்டுக்காரர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. பிறகு ஒவ்வோர் அறையையும், சுவரில் தெரியும் தண்ணீர்க் கோட்டையும், வாஷிங் மெஷின் முதலியவற்றின் வரிசை எண் தகட்டையும் படமெடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் வாரிக் கொட்டிய பின் இன்ஷூரன்ஸ்காரருக்குக் காட்ட வேறெதுவும் மிஞ்சாது.

மின்சாரமும் எரிவாயுவும் அடைக்கப்பட்டதை உறுதி செய்தபின் உள்ளே போங்கள். என்-95 முகக்கவசம், கண்ணாடி, கனத்த கையுறை, ஆணி ஏறாத அடித்தகடு உள்ள ரப்பர் பூட்ஸ் வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜைத் திறக்கவே வேண்டாம். கதவைச் சுற்றி டேப் ஒட்டி, தள்ளுவண்டியில் அப்படியே வெளியேற்றுங்கள்.

தெருவோரக் குவியலைப் பிரித்துப் போட வேண்டும்: இடிந்த பலகை ஒருபக்கம், ஃபிரிட்ஜ் போன்ற பெரிய சாதனங்கள் ஒருபக்கம், டிவி, கணினி, பெயின்ட், மருந்து, மரக்கிளை தனித்தனி. மின்கம்பிக்கு அடியிலோ தீயணைப்புக் குழாய், மீட்டர் மேலோ குவித்தால் இயந்திரக் கை வைத்த லாரி எடுக்காமல் போய்விடும்.

அடுத்து சுவர். அமெரிக்க வீட்டுச் சுவர், மரச்சட்டத்தின் மேல் அடித்த ட்ரைவால் பலகை, அதாவது காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. அதன் காகிதமும் உள்ளிருக்கும் பஞ்சும் விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோலத் தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் இரண்டடி நின்றிருந்தால் இரண்டடியில் வெட்டுவது போதாது. பலகையின் அகலம் 4 அடி என்பதால் நேராக 4 அடியில் வெட்டினால் புதுப் பலகை வெட்டாமலே முழுதாகப் பொருந்தும். ரம்ப ஆழத்தை அரை அங்குலத்தில் நிறுத்துங்கள். உள்ளே வயரும் குழாயும் ஓடுகின்றன. ஆணியை ஒன்று விடாமல் பிடுங்குங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடானால் ஈயப் பெயின்ட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். குழுத் தலைவரைக் கேட்காமல் உடைக்காதீர்கள்.

ப்ளீச் தெளிப்பவர்கள் ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு கப்பைத் தாண்ட வேண்டாம். அமோனியா கலந்த எதனோடும் சேர்த்தால் விஷவாயு வரும். ஆனால் பூஞ்சையை நிறுத்துவது ப்ளீச் அல்ல, காய்வதுதான். பெரும்பாலான வீடுகள் கெடுவதும் இங்கேதான். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கிறதே என்று இரண்டே வாரத்தில் சுவரை மூடிவிடுகிறார்கள், சில மாதத்தில் உள்ளே கறுப்பு படர்கிறது. ஈரமானியின் இரண்டு ஊசியையும் மரச்சட்டத்தில், முக்கியமாகத் தரையை ஒட்டிய அடிச்சட்டத்தில் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மூடக் கூடாது என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று: எதையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் வீசாதீர்கள். நனைந்த கல்யாண ஆல்பம் குப்பை மாதிரித்தான் தெரியும். படங்களை நல்ல தண்ணீரில் மெல்ல அலசிக் காயவைக்கலாம். உடனே முடியாவிட்டால், கரண்ட் உள்ள வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. அவர் முடிவு சொல்ல அரை மணி நேரம் எடுத்தாலும் காத்திருங்கள்.

என் மகன் அங்கே சபையோடு மரம் அறுக்கப் போகிறானாம். பயமாக இருக்கிறது. - வாசகி, பாளையங்கோட்டை

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. செயின்சா என்ற இயந்திர ரம்பத்தில் பயிற்சி பெறாதவர் அதைத் தொடவே கூடாது. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், பாரம் குறைந்த வேர்க்கட்டை சட்டென்று நிமிர்ந்து பழைய குழிக்குள் விழும். குழியருகே நிற்பவர் தப்ப முடியாது. வில்லாக வளைந்து கிடக்கும் கிளையும் அறுத்த நொடியில் அடிக்கும். அவனிடம் மூன்று கேட்டுப் பாருங்கள்: தொடைக்குப் பாதுகாப்புக் கால்சட்டை, ஹெல்மெட் இருக்கிறதா? கூடவே ஒருவர் நின்று கவனிப்பாரா? மின்கம்பி பட்ட மரத்தை விட்டுவிடுவார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் போகட்டும். பயிற்சி இல்லையென்றால் அறுத்த கட்டைகளை இழுத்துப் போடட்டும். அதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். இரவில் தங்கும் இடத்தில் ஜெனரேட்டர் இருந்தால், கட்டடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும்.

வீட்டில் சமைத்துக் கொண்டுபோகலாமா? - வாசகி, அட்லான்டா

வேண்டாம். பாப்டிஸ்ட் நடமாடும் சமையலறைகளில் பெரிய அளவில் சமைப்பதைச் செஞ்சிலுவை வண்டிகள் தெருத்தெருவாகக் கொண்டுபோகின்றன. சூடு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல் காப்புப் பெட்டியில் போக வேண்டும். காரில் இரண்டு மணி நேரம் கிடந்த சாம்பார் சாதம் வயிற்றைக் கெடுத்தால், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத ஊரில் என்ன ஆகும்? அந்தச் சமையலறையில் வெங்காயம் நறுக்க ஆள் வேண்டும், அங்கே போங்கள்.

தினமும் வருகைத் தாளில் கையெழுத்து ஏன்? - வாசகர், டாலஸ்

பொதுவாக ஊரின் சீரமைப்புச் செலவில் 75 சதவீதத்தை அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமா தரும், மீதி உள்ளூரும் மாநிலமும் போட வேண்டும். குப்பை அகற்றுவது போன்ற தகுதியுள்ள வேலைகளில் தொண்டர் உழைத்த மணிநேரத்தை அந்த மீதிக்கு ஈடாகக் காட்டலாம். பெயர், தேதி, இடம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் - இவை தாளில் இருந்தால்தான் கணக்கு.