‘கிளாஸ் ஜி’ என்றால் என்ன? பழைய ரிசீவர்கள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பெரியப்பா வைத்திருந்த ஹிட்டாச்சி எஸ்ஆர்-903 ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள பெட்டி) இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதில் ‘கிளாஸ் ஜி’ ஆம்ப்ளிஃபையர் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு சேனலுக்கு 75 வாட் என்றும், இன்னோரிடத்தில் 160 வாட் என்றும் படித்தேன். இரண்டில் எது உண்மை? ‘ஜி’ என்பது வெறும் விளம்பர எழுத்துதானா?

பதில்: இரண்டுமே உண்மைதான். 75 வாட் என்பது அந்த ரிசீவர் தொடர்ந்து தரக்கூடிய திறன். 160 வாட் என்பது தாள வாத்தியத்தில் பலமான ஓர் அடி விழும் கணத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம். இந்த இரட்டைக் கணக்கு எப்படிச் சாத்தியமாகிறது என்பதில்தான் ‘ஜி’யின் சூட்சுமம் இருக்கிறது.

சாதாரண ‘ஏபி’ வகை ஆம்ப்ளிஃபையரில், பவர் சப்ளைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் நிற்கின்றன. சப்ளையில் உள்ள வோல்டேஜில் ஸ்பீக்கருக்குப் போனது போக மீதி முழுவதும் டிரான்சிஸ்டரின் தலையில் விழுந்து வெப்பமாகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 160 வாட் தர வேண்டுமானால் சமிக்ஞையின் உச்சம் ஏறக்குறைய 51 வோல்ட்டைத் தொட வேண்டும். ஆகவே சப்ளை அதற்கும் மேலேயே இருந்தாக வேண்டும். ஆனால் வீட்டில் நாம் கேட்கும் அளவு பெரும்பாலும் 1 வாட்டைச் சுற்றியே இருக்கும், அதற்கு 4 வோல்ட் உச்சம் போதும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகச் சப்ளை 50 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரில் 4 வோல்ட், அரை ஆம்பியர் ஓடும் அந்தக் கணத்தில் டிரான்சிஸ்டர் 46 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு 23 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. எப்போதோ வரப்போகும் ஓர் உச்ச அடிக்காக நாள் முழுவதும் அடுப்பு எரித்து வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது.

1970களின் பிற்பகுதியில் ஹிட்டாச்சி பொறியாளர்கள் இந்த வீணடிப்பைக் குறைக்கக் கையாண்ட வழி, ஒன்றுக்கு இரண்டாகச் சப்ளை வைப்பது. நம் கணக்கின்படி ஒன்று 25 வோல்ட், மற்றொன்று 50 வோல்ட் என்று கொள்ளுங்கள். வழக்கமான அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒரு டயோடு வழியாகத் தாழ்ந்த சப்ளையிலிருந்து மின்னோட்டத்தைப் பெறுகிறது. அதற்கு மேலே இன்னொரு டிரான்சிஸ்டர் உயர்ந்த சப்ளையோடு இணைந்து சும்மா காத்திருக்கிறது. சமிக்ஞை 25 வோல்ட்டை நெருங்கும்போது மட்டும் மேலே உள்ளது விழித்துக்கொண்டு 50 வோல்ட்டைக் கீழே அனுப்புகிறது; அந்த வோல்டேஜ் தாழ்ந்த சப்ளைக்குள் திரும்பிப் புகாமல் டயோடு தடுத்துவிடுகிறது. எனவே முன்பு 23 வாட் வெப்பம் எழுந்த அதே கணத்தில் இப்போது 10.5 வாட்தான் எழுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கும் டிரான்ஸ்ஃபார்மரும் 75 வாட்டுக்கு ஏற்ற அளவில் இருந்தாலே போதும், உச்சங்களுக்கு மட்டும் இரு மடங்குக்கும் மேல் இடம் கிடைக்கிறது. உயர்ந்த நிலையிலேயே நீண்ட நேரம் ஓட்ட முடியாது என்பதால்தான் 160 வாட் தொடர்திறனாக எழுதப்படவில்லை.

இப்படிப் பிரித்து எழுதியதற்கு நிறுவனங்களின் நற்குணம் மட்டும் காரணம் அல்ல. அதுவரை ‘இசைத் திறன்’, ‘உச்சத் திறன்’ என்று ஆளுக்கொரு பெயரில் விளம்பர எண்கள் ஊதப்பட்டு வந்ததால், அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு சிதைவோடு தொடர்ந்து எத்தனை வாட் வரும் என்பதை அது சொல்ல வைத்தது. அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றும் அந்த விதி கூறியது; ‘ஏபி’ ஆம்ப்ளிஃபையர் மிக அதிகமாகச் சூடாவது ஏறக்குறைய அந்த நிலையில்தான் என்பதால் அது கடுமையான சோதனை. அதற்குப் பிறகு பயனியர் போன்ற நிறுவனத்தார் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இரும்பையும் செம்பையும் கொட்டினார்கள்: 1976இன் எஸ்எக்ஸ்-1250 சேனலுக்கு 160 வாட், 1978இன் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட், எடையோ 35 கிலோ. அதே உச்சங்களைக் குறைந்த எடையில் எட்ட ஹிட்டாச்சி எடுத்த குறுக்கு வழி ‘ஜி’.

ஒலியில் வித்தியாசம் தெரியுமா என்றால், 75 வாட்டுக்கும் 160 வாட்டுக்கும் இடையே இருப்பது 3.3 டெசிபெல்தான். ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். லாபம், உச்சங்கள் நறுக்கப்படாமல் முழுதாக வருவதில் இருக்கிறது. மேல் டிரான்சிஸ்டர் விழிக்கும் கணத்தில் சிறு சிதைவு நுழையலாம் என்பது இந்த வடிவமைப்பின் மீது உள்ள பழைய குறை. வேகமான டயோடும் டிரான்சிஸ்டரும் அதைப் பெரிதும் தணிக்கும். மிதமான அளவில் கேட்பவருக்கு மேல் டிரான்சிஸ்டர் விழிப்பதே அபூர்வம், அப்போது நீங்கள் கேட்பது நல்லதொரு சாதாரண ‘ஏபி’ ஆம்ப்ளிஃபையரைத்தான். விளம்பர எழுத்து இல்லை; ஆனால் அந்த எழுத்துக்காக மட்டும் நான் ஒரு ரிசீவரை உயர்த்திப் பேச மாட்டேன்.

கேள்வி: பழுதுபார்த்து வந்த பிறகு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஒரு பக்க ஹீட் சிங்க் மட்டும் தொட முடியாத அளவு சுடுகிறது. ஒலி சரியாகவே வருகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. புது அவுட்புட் டிரான்சிஸ்டரைப் போட்டவர் பயாஸை மறுபடி சரிசெய்யாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சமிக்ஞை இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டமே பயாஸ். அது மிகக் குறைந்தால், ஒலி அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தரும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் கைமாறும் இடத்தில் ஒலி கரகரக்கும், கூடினால் வெப்பம் ஏறும், வெப்பம் ஏற ஏற மின்னோட்டமும் கூடி இறுதியில் டிரான்சிஸ்டரே போய்விடும். அவுட்புட் டிரான்சிஸ்டரோடு தொடராக உள்ள எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ரெசிஸ்டர் 0.47 ஓம் ஆக இருந்து மீட்டர் 10 மில்லிவோல்ட் காட்டினால் ஓடுவது சுமார் 21 மில்லி ஆம்பியர். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, கருவி நன்றாகச் சூடான பிறகு இரு பக்கத்தையும் அதற்குக் கொண்டுவர வேண்டும். வெப்பத்தை உணர்ந்து பயாஸைக் குறைக்கும் சிறு டயோடு அல்லது டிரான்சிஸ்டர் ஹீட் சிங்க்கை விட்டுத் தளர்ந்து தொங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகப் பெட்டிக்குள் இருந்த ரிசீவரைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, வழக்கமாகக் கேட்கும் ‘டக்’ ஒலி வரவில்லை, பாட்டும் வரவில்லை. ரிலேயை நேராக இணைத்துவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பரின் யோசனையை ஏற்காதீர்கள். அந்த ‘டக்’, ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கும் மின்சுவிட்சான ரிலே மூடும் ஒலி. அவுட்புட்டில் நேர்மின்சாரம் (டிசி) இருந்தால் பாதுகாப்புச் சுற்று ரிலேயை மூட விடாது. அதைத் தாண்டி இணைத்தால் சப்ளையின் முழு வோல்டேஜும் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலில் பாய்ந்து, சில நொடிகளில் காயில் கருகிவிடும்.

உடனே அணைத்து, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுங்கள். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. அடுத்த முறை போடும்போது மின்வழியில் 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள், எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகின்றன என்று பொருள். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. பழக்கமுள்ள ஒருவர் ரிலேக்கு முன்பாக டிசி வோல்டேஜை அளந்து பார்க்கட்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஆம்ப்ளிஃபையர் நலம், குற்றம் ரிலேயிலோ பாதுகாப்புச் சுற்றின் உலர்ந்த கெப்பாசிட்டரிலோ இருக்கும். பல வோல்ட் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் மூடியைக் கழற்றியவுடன் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ‘கிளாஸ் டி’ என்பதில் ‘டி’ டிஜிட்டலைக் குறிக்கிறதா?

பதில்: இல்லை. ஏ, பி, சி வரிசையில் அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

கேள்வி: ஜப்பானில் வாங்கிய பழைய ரிசீவரில் எஃப்எம் முள் 90ஐத் தாண்டவில்லை. டியூனர் பழுதா?

பதில்: பழுது இல்லை. அக்காலத்து ஜப்பானிய எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பிற நாடுகள் பலவற்றில் அது 108 வரை நீள்கிறது. உள்ளே உள்ள காயில்களைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, தனி டியூனர் ஒன்றைப் பின்பக்கத்தில் வெளிக் கருவிகளுக்காக உள்ள ‘ஆக்ஸ்’ நுழைவில் இணையுங்கள்.