கேள்வி – பதில்: கணினித் துறையில் மாணவருக்கு என்ன வேலை?

இம்முறை வந்த கடிதங்களில் பல, கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கும் பிள்ளைகள் எழுதியவை. விரிவுரைக்குப் போய்வருவதோடு நிற்காமல் துறையின் வேலைகளில் எப்படிச் சேர்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

பதுளையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிறேன். துறையின் கணினிச் சங்கத்தில் ஆங்கிலமும் சிங்களமும்தான். கூட்டத்துக்குப் போனாலும் பின்வரிசையில் இருந்துவிட்டு வருகிறேன். எப்படி உள்ளே போவது?
– முதலாம் வருட மாணவி

கூட்டத்தில் பேசி இடம்பிடிக்கப் பார்க்க வேண்டாம், ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "சொல்கிறோம்" என்பார்கள். பிறகு ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். புதியவருக்குக் கொடுக்கும்படி வேலையைப் பிரிப்பது செயலாளருக்கு இன்னொரு வேலை. அதை நீங்களே செய்துகொண்டு போங்கள்: "அடுத்த பயிற்சிப்பட்டறையின் பதிவுப் படிவத்தை நான் செய்கிறேன், வியாழன் மாலை பார்க்கத் தருகிறேன்."

அந்தப் படிவத்திலேயே கற்க நிறைய உண்டு. "பெயர்" என்று ஒரே கட்டம் வைத்தால் ஒருவர் முதலெழுத்தோடு எழுதுவார், இன்னொருவர் செல்லப்பெயரை எழுதுவார், சான்றிதழ் அச்சடிக்கும் இரவில் நூறு பேரைத் தேடிப்பிடிக்க வேண்டிவரும். "சான்றிதழில் வரவேண்டிய பெயர்" என்று தனிக் கட்டம் வையுங்கள். சாப்பாடு இருந்தால் மரக்கறியா என்றும் கேளுங்கள்.

கணக்கு எழுதும் வேலைக்கும் ஆள் கிடைப்பது அரிது. சங்கத்தின் பணத்துக்குச் சிரேஷ்ட பொருளாளராக விரிவுரையாளர் ஒருவர் இருப்பார், பற்றுச்சீட்டில்லாத செலவுக்கு அவர் கையொப்பம் வைக்கமாட்டார். கடைகளில் தரும் வழுவழுப்பான பற்றுச்சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், ஆகவே வாங்கிய அன்றே படமெடுத்துவிடுங்கள். ஒரு தவணை முழுக்கக் கணக்கு நேராக இருந்தால், நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜூனியர்களுக்குத் தமிழில் குப்பி (மாணவர்களே மாணவர்களுக்கு நடத்தும் வகுப்பு) எடுக்க நினைக்கிறோம். போன வருடம் தொடங்கி மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டது.
– இரண்டாம் வருட மாணவர்கள், மொறட்டுவை

பெரும்பாலும் நிற்பதற்குக் காரணம், விரிவுரையைத் தமிழில் இன்னொரு தடவை ஒப்புவிப்பதுதான். கேட்பவர்களுக்கு விளங்கினமாதிரி இருக்கும், வினாத்தாளைக் கண்டதும் கை ஓடாது. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் எழுதவிடுங்கள், எங்கே இடறுகிறார்களோ அங்கே மட்டும் பேசுங்கள்.

ரிகர்ஷனுக்கு, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்ப அழைப்பதற்கு, ஒரு வழி சொல்கிறோம். நான்கின் ஃபெக்டோரியலை (4×3×2×1) எடுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தாள்: 4, 3, 2, 1 என்று எழுதி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். ஒன்று வந்ததும் மேலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, அதில் விடையை எழுத வேண்டும்: 1, 2, 6, 24. பிறகு நிறுத்தும் நிபந்தனையை அழித்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். தாள் முடிந்தாலும் அழைப்பு முடியாது, அழைப்புகளை அடுக்கிவைக்கும் நினைவிடமான ஸ்டக் நிரம்பி ப்ரோக்ராம் விழுவது அப்போது கண்ணுக்கே தெரியும். விளக்கம் தமிழில் இருக்கட்டும், கலைச்சொல்லை மட்டும் பரீட்சையில் வருகிறபடி ஆங்கிலத்திலேயே பழக்குங்கள்.

புள்ளியுள்ள அசைன்மென்டைக் குப்பியில் செய்துகொடுக்கவே வேண்டாம். மாறிகளின் பெயரை மாற்றினாலும் ப்ரோக்ராம் கோட்டின் அமைப்பை ஒப்பிட்டுப் பிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாட்டுவது கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்துதான்.

விரிவுரையாளர் ஒருவரின் ஆய்வில் உதவ விருப்பம். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை.
– மூன்றாம் வருட மாணவன், தெஹிவளை

"உங்கள் ஆய்வில் ஆர்வமாக உள்ளேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் பதில் வராததில் வியப்பில்லை. அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றை எடுங்கள். அதன் கோட் வெளியிடப்பட்டிருந்தால் இறக்கி ஓட்டிப்பாருங்கள். முதல் தடவையிலேயே ஓடுவது அபூர்வம்: லைப்ரரியின் பதிப்பு மாறியிருக்கும், தரவுக் கோப்பின் பாதை அவருடைய கணினிக்கு மட்டும் பொருந்தும். எந்தப் படியில் நின்றது, என்ன பிழைச்செய்தி, எதை மாற்றியபின் ஓடியது என்று ஐந்தாறு வரியில் எழுதி, நேரில் சந்திக்க இருபது நிமிடம் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே கடிதத்தை எட்டுப் பேருக்கு அனுப்பாதீர்கள், அவர்கள் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள்.

லெப்பில் சில கணினிகளில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறது. நாங்களே கழற்றிப் பார்க்கலாமா?
– இரண்டாம் வருட மாணவன், மாலபே

கழற்றக் கூடாது. உத்தரவாதமும் பொறுப்பும் லெப் அலுவலருடையவை. ஆனால் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். திகதி பல வருடம் பின்னால் இருந்தால், மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 பட்டன் பட்டரி செத்திருக்கக்கூடும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது செத்தால் மின் போனதும் நேரம் பழைய திகதிக்குப் போய்விடும், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் திகதிக்குச் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். "இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்று எழுதுவதற்குப் பதிலாக, இயந்திர இலக்கம், அது காட்டிய திகதி, சந்தேகம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இப்படி ஒரு பட்டியலை மாதாமாதம் தரும் மாணவரை லெப் அலுவலர் அடுத்த தடவை தானே கூப்பிடுவார்.

போட்டிகளில் கலந்துகொள்ளும் அளவுக்குக் கோடிங் வராது. வேறு பங்கு உண்டா?
– முதலாம் வருட மாணவி, கொட்டாஞ்சேனை

உண்டு. ஐ.இ.இ.இ. எக்ஸ்ட்ரீம், பொறியியலாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. இணையவழி நடத்தும் 24 மணி நேரக் கோடிங் போட்டி. சர்வதேச நேரம் நள்ளிரவில் தொடங்குவதால் நமக்கு அதிகாலை 5.30. குழுவில் மூன்று பேர் வரை இருக்கலாம். அந்த இரவு முழுக்க லெப் திறந்திருக்க அனுமதிக் கடிதம், வாயிற்காவலரிடம் பெயர்ப்பட்டியல், மின் தடைக்கு யு.பி.எஸ்., இணையம் போனால் மாற்று டேட்டா, மேற்பார்வையாளரை முன்கூட்டியே பதிவது என்று ஒருவர் ஓடித்திரியாவிட்டால் நல்ல குழுவும் தோற்கும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சர்வதேசக் கோடிங் போட்டியான ஐ.சி.பி.சி. வேறு மாதிரி: மூன்று பேருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம், தீர்த்த கணக்கில் ஒவ்வொரு பிழையான சமர்ப்பிப்புக்கும் 20 நிமிடத் தண்டம். பயிற்சிக்கு நேரம் பார்த்துப் புள்ளி குறிக்க ஒருவர் வேண்டும். அதைச் செய்துகொண்டே கணக்குகளையும் பழகிவிடலாம்.

போட்டியே பிடிக்காவிட்டால் திறந்த மூலம், அதாவது கோட்டை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், இருக்கிறது. புதியவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் சேர்த்து வேலை செய்யவைக்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் 2005இல் தொடங்கியது, அதில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடம் உலகிலேயே முன்னணியில் நின்றார்கள். 18 வயது நிறைந்தால் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்தபின் தொடங்குவது பிந்தியது, சில மாதம் முன்பே நீங்கள் சேர விரும்பும் மென்பொருள் திட்டத்துக்குச் சின்னத் திருத்தங்கள் அனுப்பியிருக்க வேண்டும்.

இதிலெல்லாம் ஓடினால் மகளின் ஜி.பி.ஏ. (பரீட்சைப் பெறுபேற்றுச் சராசரி) விழாதா?
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

ஒரு தவணையில் ஒரு பொறுப்பு, பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பே கைமாற்றிவிடுவது. இந்த இரண்டையும் மகளோடு இப்போதே பேசி வையுங்கள் அம்மா.

துறையின் மாணவர் பதிவுச் செயலியைத் தமிழிலும் கொண்டுவருகிறார்கள். நாங்கள் தமிழ் மாணவர்கள் மூன்று பேர். மொழிபெயர்ப்பு மட்டும்தான் செய்யலாமா?
– மூன்றாம் வருட மாணவர்கள், கொழும்பு 7

மொழிபெயர்ப்பை விடப் பெரிய வேலை சோதனை. உங்களைப்போல் அதைச் செய்யக்கூடியவர்கள் துறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

"கொழும்பு" என்று உள்ளிடுங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது அட்டவணையான யுனிகோடில் எட்டுக் குறியீடு, அவற்றைச் சேமிக்கும் யு.டி.எஃப்.–8 முறையில் 24 பைட். பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தால் ஊர்ப்பெயரே வெட்டுப்படும். அடுத்தது தேடல். "கொ"வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு விசைப்பலகையில் பதிந்த பெயரை இன்னொன்றில் தேடினால் "பதிவு இல்லை" என்று வரக்கூடும். உள்ளிடும்போதே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்.எஃப்.சி. முறையில் ஒருமைப்படுத்தினால் தீரும்.

முதலெழுத்தையும் பாருங்கள். தந்தை பெயர் சிவராசா என்றால் "சி." வர வேண்டும். முதல் குறியீட்டை மட்டும் எடுக்கும் கோட் "ச." என்று போடும். வரிசைப்படுத்தலிலும் பிழை வரும்: கமலா முன்னும் கனகா பின்னும் வருவதே தமிழ் அகரவரிசை. யுனிகோட் அட்டவணையில் ன, ந–வுக்கு அடுத்ததாக இருப்பதால் வெறும் குறியீட்டு வரிசை கனகாவை முன்னே தள்ளும். தமிழுக்கான ஒழுங்கு விதியைத் தரவுத்தளத்தில் தெரிவுசெய்யச் சொல்லுங்கள்.

இந்த நான்கையும் உள்ளடக்கிய இருபது பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். உண்மையான மாணவர் பெயர்கள் வேண்டாம். ஒவ்வொரு பிழைக்கும் என்ன உள்ளிட்டோம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். படத்தோடு எழுத்துப் பிரதியும் சேருங்கள், படத்திலிருந்து குறியீட்டைப் பார்க்க முடியாது. செயலியின் கோட், கோட்டைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்தால் அந்தப் பட்டியலைத் தானியங்கிச் சோதனையாகவே சேர்த்துவிடக் கேளுங்கள். அடுத்த வருடம் யாராவது கோட்டை மாற்றிப் பிழை திரும்ப வந்தால், நீங்கள் பட்டம் பெற்றுப் போயிருந்தாலும் சோதனை அதைப் பிடிக்கும்.