புருவம் இல்லாத நீலச்சிறகி

கேள்வி: தீபாவளி முடிந்ததும் எங்கள் ஊர் ஏரியில் நாற்பது ஐம்பது குட்டி வாத்துகள் வந்து இறங்கின. எல்லாமே பழுப்பு. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக்கொண்டு மேய்கின்றன. அப்பா கிளுவை என்கிறார், நான் நீலச்சிறகி என்கிறேன். ஆனால் நீலச்சிறகி ஆணுக்கு இருக்கும் வெள்ளைப் புருவம் ஒன்றுக்குக்கூட இல்லையே? இங்கேயே குஞ்சு பொரிக்குமா? படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, மதுராந்தகம்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டு கிட்டத்தட்டப் பெட்டை மாதிரி ஆகிவிடும். மற்ற பல இனங்கள் பனிக்காலம் தொடங்கும்போதே பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்க, நீலச்சிறகி ஆணோ அந்தப் பழுப்பிலேயே மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். இது கிளுவைக் கூட்டமாக இருந்தால் இந்நேரம் செம்பழுப்புத் தலையும் கண்ணோரம் பச்சைப் பட்டையுமாக நாலைந்து ஆணாவது கண்ணில் பட்டிருக்கும்.

படத்தில் இடப்பக்கமிருந்து இரண்டாவது பறவையின் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் வழியாக ஒரு கருங்கோடு, கீழே கன்னத்தில் மங்கலாக இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. கிளுவைப் பெட்டைக்கு முகம் இப்படி வரிவரியாக இருக்காது. அதன் அலகு சிறியது, அடியில் பெரும்பாலும் லேசான ஆரஞ்சு தெரியும், வாலடியின் ஓரத்தில் ஒரு வெளிர்கோடும் உண்டு. உருவ அளவை நம்பாதீர்கள். கிளுவை 34–38 செ.மீ., நீலச்சிறகி 37–41 செ.மீ.; கரையில் நின்றுகொண்டு இந்த வித்தியாசத்தைச் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

ஆணைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பறக்கும்போது பாருங்கள், முன்சிறகின் சாம்பல்நீலம் பழுப்பு உடையிலும் மாறாது. அதற்காகக் கல்லெறிந்து கிளப்பிவிடாதீர்கள்! சேற்றுப் பூனைப்பருந்து ஒரு சுற்று வந்தால் கூட்டம் தானாக எழும்பும்.

அப்புறம், இங்கே குஞ்சு பொரிக்காது. கூடு கட்டுவதெல்லாம் ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும்தான். வலசை வரும் வாத்துகளில் முந்திக்கொண்டு வருவதில் இதுவும் ஒன்று, செப்டம்பரிலேயே சில இடங்களில் தலைகாட்டிவிடும். ஏரியில் தண்ணீர் நின்றால் மார்ச்சில் ஒருநாள் போங்கள். புருவம் வந்திருக்கும், சீப்புப் பல்லை நகத்தால் நெருடுவது போல ஆண் கத்துவதும் கேட்கலாம். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.